வான்குடி இரண்டாம் சீசன், பத்து ஞாயிற்றுக்கிழமைகள்

செல்வம், கலை,

அண்ணன் தங்கச்சி உங்க ரெண்டு பேருக்கும்தான் இதை எழுதுகிறேன். இங்கே ஷார்ஜாவில் விருதுநகர், சிவகாசிப் பக்கத்து ஆட்கள் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு மலர் போடுகிறார்கள். "வந்து பதினோரு வருஷமாச்சே, வெளிநாட்டு வாழ்க்கையைப் பத்தி ஏதாச்சும் எழுதிக் குடுங்கண்ணே" என்று போன மாசம் கேட்டார்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். மூணு நாள் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். ஊர்க்காரர்களுக்கு எழுதுகிற மாதிரி ஒரு வரிகூட வரவில்லை. உங்களுக்கு எழுதுகிறதாக நினைத்துக்கொண்டதும் வந்துவிட்டது. அதனால் அப்படியே விட்டுவிட்டேன். பேர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

மற்றவர்கள் பாலைவன வெயிலைப் பற்றி எழுதுவார்கள், முதலாளியைப் பற்றி எழுதுவார்கள். நான் ஒரு டிவி தொடரைப் பற்றி எழுதப் போகிறேன். சிரித்தாலும் சிரிக்கட்டும்.

1

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 'வான்குடி' என்பது வேறு பாஷையில் எடுத்து, தமிழில் குரல் கொடுத்து செல்போனில் வருகிற தொடர். பூமியில் இருக்க முடியாமல் முந்நூறு பேர் ஒரு கப்பலில் கிளம்பி, குடியிருக்க வேறு கிரகம் தேடி ஆகாயத்தில் போய்க்கொண்டே இருப்பார்கள். கப்பலுக்குத் தலைவி ஒரு அம்மா. அவளுக்கு இருபது வயசில் ஒரு மகன். இவ்வளவுதான் கதை.

இதன் முதல் சீசனை நாம் மூன்று பேரும் சேர்ந்து பார்த்தோம். நான் போன தடவை லீவில் வந்திருந்தபோது, மத்தியான வெயிலில் பாயை விரித்து, செல்வம் போனைச் சுவரில் சாய்த்து வைப்பான். உங்கம்மா சிவகாசியில் காலண்டர் கம்பெனிக்குப் போய்விட்டு ஆறு மணிக்கு வருவாள். "இன்னுமா அந்தக் கப்பல் போய்ச் சேரல? நான் ரெண்டு பஸ்ஸு மாறி தாயில்பட்டி வந்து சேந்துட்டேன்" என்பாள்.

அந்தக் கப்பல்காரர்கள் கவச உடுப்புப் போட்டிருப்பதால் ஒருத்தரை ஒருத்தர் தொட முடியாது. கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ளங்கையை வைத்துக்கொள்வார்கள். அதுதான் அவர்கள் வணக்கம். நான் திரும்பி வந்தபிறகு, போனில் பேசி முடிக்கும்போது நாமும் அப்படிச் செய்ய ஆரம்பித்தோம். கலைதான் முதலில் செய்தது.

இரண்டாம் சீசன் இந்த வருஷம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று, மொத்தம் பத்து. எனக்கும் ஞாயிறுதான் லீவு. சந்தோஷத்தை என்னவென்று சொல்ல. வாரம் ஆறு நாள் மிஷினுக்குள் அட்டையை விட்டு, பெட்டி வடிவத்துக்கு வெட்டி வெளியே எடுக்கிறவனுக்கு ஏழாம் நாளில் பேச ஒரு விஷயம் கிடைத்துவிட்டது. அதுவரை நம்ம பேச்சு எப்படி இருந்தது? "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்ப்பா." "படிக்கியா?" "படிக்கேன்ப்பா." "சரி, அம்மாட்ட குடு." அவ்வளவுதானே.

2

முதல் மூணு எபிசோடும் தங்கம். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

முதலாவதில் தூரத்துக் கிரகம் ஒன்றிலிருந்து தட்டுகிற சத்தம் மாதிரி ஒரு சிக்னல் வரும். யாரோ இருக்கிறார்கள். கப்பலே எழுந்து நிற்கும். எங்கள் ரூமில் எட்டுப் பேர். நான் மேல் கட்டிலில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவன் சத்தமாக "அடேயப்பா" என்றுவிட்டேன். கீழே படுத்திருந்த பங்களாதேஷ்காரர், ஊரில் என்னவோ ஆகிவிட்டதென்று எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

இரண்டாவதில் கப்பலின் தோட்டம் பட்டுப்போகும். கடைசியாக நின்ற ஒரு தக்காளிச் செடிக்கு எல்லாரும் தங்கள் குடிதண்ணீரில் ஒரு வாய் ஊற்றுவார்கள். "ஒத்தச் செடிக்கு இம்புட்டு அழுகையாப்பா? நம்ம வீட்டுக் கருவேப்பிலையுந்தான் பட்டுப்போச்சு, அம்மா ஒரு வாளித் தண்ணிகூட ஊத்தல" என்றது கலை. உங்கம்மா பின்னாலிருந்து, "ஏன், ஒங்கப்பாவ வந்து ஊத்தச் சொல்லு" என்றாள். எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

மூன்றாவதுதான் உச்சம். பூமியிலிருந்து சேதி வரும். கப்பல் தூரம் போய்விட்டதால் ஒரு சேதி வர நாற்பது நாள் ஆகும். பேசினவன் பேசி நாற்பது நாள் கழித்துத்தான் இவன் கேட்கிறான். ஒரு பெரியவருக்கு அவர் மகள் பேசிய சேதி வரும். 'எனக்கு லேசாகக் காய்ச்சல், வேறொன்றுமில்லை' என்று அவள் சொல்லியிருப்பாள். பெரியவர் சிரித்துவிட்டு நடப்பார். ஐந்தாறு எட்டு வைத்துத்தான் நிற்பார். அந்தக் காய்ச்சல் நாற்பது நாளைக்கு முந்தின காய்ச்சல் என்று அப்போதுதான் அவருக்கு உறைக்கும்.

அதைப் பார்த்துவிட்டு அன்றைக்குப் போனில் சாப்பிட்டியா என்பதோடு நிறுத்திவிட்டேன். கலை கேட்டது, "என்னப்பா, கலாஸா?" என்று. முடிந்ததா என்பதற்கு இங்கே சொல்லும் அரபி வார்த்தை. என்னிடமிருந்து பிடித்துக்கொண்டு என்னையே கேலி செய்யும். நம்ம வார்த்தை ஒவ்வொன்றாக எனக்கு விட்டுப்போகிறது. போன லீவில் மளிகைக் கடையில் போய் 'வெங்காயம்' வாயில் வராமல் இந்தியில் 'பியாஸ்' என்று நின்றேனே, அந்தக் கதையை உங்கம்மா தெருவுக்கே சொன்னாள்.

3

நாலாவது சுமார். ஐந்தாவது மகா மட்டம். ஐம்பது நிமிஷமும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கூட்டம் போடுகிறார்கள். சிக்னல் வந்த கிரகத்துக்குப் போகலாமா, வேண்டாமா. நம்ம ஊர் கிராமசபைக் கூட்டத்தில்கூட நடுவில் ஒரு சண்டை வரும். இதில் அதுவும் இல்லை.

ஆனால் ஒரு விஷயம் கவனித்தேன். தொடர் இறங்க இறங்க நம்ம பேச்சு ஏறியது. கலை ஒவ்வொரு சீனுக்கும் பதில் வைத்திருந்தது. "ஆமாப்பா, அந்த மொட்டைத்தலை பேசுனதுதான் செம போர்" என்றது. நான் விட்டதையெல்லாம் அது எடுத்துக் கொடுத்தது. முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் பேசினோம். எங்கள் ரூமில் யாருடைய பிள்ளைகளும் அப்பாவிடம் அவ்வளவு நேரம் பேசினதில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. பக்கத்துக் கட்டில்காரரிடம் சொல்லவும் செய்தேன்.

செல்வம் மட்டும் முகம் காட்டுவதில்லை. குரல் வரும். "புராஜெக்ட் இருக்குப்பா, பிரெண்டு வீட்ல இருக்கேன்" என்பான். விருதுநகரில் பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம். மெக்கானிக்கல். புராஜெக்ட் இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன்.

4

ஆறாவதில் கப்பலில் தீப்பிடிக்கும்.

இதைப் பார்க்க நான் எவ்வளவு ஆசையாகக் காத்திருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். பட்டாசு ஆலையில் பதினாலு வருஷம் இருந்தவன் நான். நாரணாபுரம் பக்கத்தில் புஸ்வாணம் போடுகிற யூனிட். வெடிக்குப் போடும் கலவையை நாங்கள் மருந்து என்போம். அந்த மருந்தைக் கூட்டுக்குள் இறுக்கிக் கெட்டிக்கிறது என் வேலை. ஆகவே தீயைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. அவர்கள் காட்டியது பச்சைத் தீ. பச்சை சும்மா வராது, அதற்கென்று உப்பு சேர்க்கணும். சாப்பாட்டுக்கே வழியில்லாத கப்பலில் அந்த உப்பை எவன் மூட்டை கட்டிக்கொண்டு வந்தான்? இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன்.

அதைவிடப் பெரிய பொய் ஒன்று. தீப்பிடித்ததும் அந்தத் தலைவி அம்மா தீயைப் பார்த்து ஓடுகிறாள். உள்ளே மாட்டினவனை இழுத்துக்கொண்டு வருகிறாள். மருந்து ரூமில் அப்படி ஒன்று கிடையாது. சேர்ந்த முதல் நாள் போர்மேன் சொல்லிக் கொடுப்பது ஒன்றே ஒன்றுதான். சத்தம் கேட்டால் ஓடு. பக்கத்தில் இருப்பவன் யாரென்று திரும்பிப் பார்க்காதே. ஒரு ரூமில் நாலு பேர். பார்க்க நின்றால் நாலும் போகும்.

எங்கள் ரூமில் ஒருநாள் சத்தம் கேட்டபோது நான் ஓடினேன். பால்ராஜ் என்று ஒருத்தன் எனக்கு இடதுபக்கம் உட்காருவான். ஆறு வருஷம் ஒன்றாகச் சாப்பிட்டோம். அவன் பேரைக்கூடக் கூப்பிடாமல் ஓடினேன். வெளியே வேப்பமரம் தாண்டி விழுந்து திரும்பிப் பார்த்தபோது ரூமுக்குக் கூரை இல்லை. "புத்திசாலித்தனமா ஓடியாந்த" என்று போர்மேன் முதுகில் தட்டினார். உங்களிடம் இதுவரை நான் சொன்னதில்லை. அதற்கு அப்புறமும் ஒரு வருஷம் அதே வேலைக்குப் போனேன். ஒருநாள் வேலை விட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்த கலையைத் தூக்கினேன். மூணு வயசு. கன்னத்தில் என் விரல் பட்ட இடத்தில் வெள்ளியாகப் பளபளவென்று ஒரு கோடு. அலுமினியப் பவுடர். உங்கம்மா துடைக்கத் துடைக்க அது இன்னும் பரவியது. அந்த மாசமே பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டேன். நம்ம வீட்டில் இனி ஒருத்தர் கையிலும் இது படக்கூடாது. நான் இங்கே வந்ததற்குக் காரணம் அது ஒன்றுதான். கடன், வீடு கட்டுவது என்றெல்லாம் ஊருக்குச் சொன்னது சும்மா.

5

அந்த ஞாயிற்றுக்கிழமை செல்வம் வீடியோவில் வந்தான். குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு வந்தான். இத்தனை வாரம் கழித்து அவன் முகத்தைப் பார்த்தேன். தாளைப் பார்த்துப் பார்த்துப் பச்சைத் தீயைப் பற்றிச் சொன்னேன். பால்ராஜை விட்டுவிட்டு மிச்சத்தைச் சொன்னேன்.

"நீயா இருந்தா உள்ள ஓடிருப்பியாலே?" என்று கேட்டேன்.

"நானாப்பா? தப்பிச்சு வெளியதான் ஓடுவேன். வாசலப் பாத்துத்தான உக்காந்திருப்போம்" என்றான்.

நான் சிரித்தேன். கலை சிரிக்கவில்லை. நேரமாகிவிட்டதென்று செல்வம் வழக்கம்போல உள்ளங்கையைப் போன் கண்ணாடியில் வைத்தான்.

வாசலைப் பார்த்து உட்காருவது மருந்து ரூமில் மட்டும்தான் உண்டு. வேறு எந்த வேலையிலும், எந்தப் படிப்பிலும், ஆள் எந்தப் பக்கம் பார்த்து உட்காரணும் என்று சட்டம் கிடையாது. அதை நினைத்துக்கொண்டேதான், அவன் கண்ணாடியிலிருந்து எடுக்கும்போது, அந்தக் கையைப் பார்த்தேன். தோல் சுத்தமாக இருந்தது. தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தால் தோலில் உள்ளது போய்விடும். நகத்தின் ஓரத்தில் உள்ளது போகாது. நகம் வளர்ந்து, வெட்டித்தான் வெளியேற்றணும். அஞ்சு விரலிலும் ஓரம் பிடித்த மாதிரி வெள்ளி.

"கையைக் காட்டுலே."

"அதான் காட்டினேனே."

"திருப்பிக் காட்டு. நகத்தைக் காட்டு."

"பெயிண்டுப்பா. காலேஜ்ல ஒர்க்ஷாப்புக்கு அடிச்சோம்."

"பெயிண்டு அப்படி உக்காராதுலே. பதினாலு வருஷம் தேய்ச்ச கை இது. எந்த யூனிட்டு?"

போன் கட்டாகிவிட்டது. 'நெட் போயிருச்சுப்பா' என்று எழுத்தில் வந்தது. நெட் போனவன் எப்படி எழுத்து அனுப்பினான்?

6

மூணு நாள் உங்கம்மா போனை எடுக்கவில்லை. புதன்கிழமை கலைதான் எடுத்தது. சத்தமில்லாமல் அழுதுகொண்டே சொல்லிவிட்டது. வருகைப்பதிவு குறைந்து பரீட்சை எழுத விடவில்லை. நாலு மாசமாக வெம்பக்கோட்டை ரோட்டில் ஒரு யூனிட்டுக்குப் போகிறான். வானத்தில் போய் வெடிக்கிற பேன்சி ரகம் போடுகிற ரூம். காலையில் வேன் வந்து கூப்பிட்டுப் போகிறது. அம்மா முதல் வாரம் சோறு பொங்கவில்லை. அப்புறம் அவளே டப்பாவில் கட்டிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

"ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லணும்னு தோணலையா தாயி?"

"நீங்க அங்கன இருந்துக்கிட்டு என்னப்பா செய்வீக? தூங்காம கெடப்பீக. அம்மாதான் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்குச்சு."

நான் என்னவோ, பேச்சை மாற்ற நினைத்தேன். அடுத்த எபிசோடில் பார்க்கலாம் என்று அசட்டுத்தனமாக ஏதோ சொன்னேன். அப்போதுதான் அது அதையும் சொன்னது.

"அப்பா, நாலாவதுக்கு அப்புறம் நாங்க பாக்கவே இல்லப்பா."

"பொறவு எப்படித் தாயி எல்லாத்துக்கும் பதில் சொன்ன?"

"கதையைச் சுருக்கி யாராச்சும் போட்டிருப்பாக. ஞாயித்துக்கிழமை அதைப் படிச்சுட்டுத்தான் ஒங்க போன எடுப்பேன். அண்ணந்தான் சொல்லுச்சு. கப்பலப் பத்திப் பேச ஆரம்பிச்சா அப்பா வேற எதையும் கேக்க மாட்டாருன்னு."

சரி தாயி என்று வைத்துவிட்டேன். அதைத் திட்டவில்லை. பதினாலு வயசுப் பிள்ளை. ஒரு வாரமும் தவறாமல் எனக்காகப் பாடம் படித்திருக்கிறது. மொட்டைத்தலை பேசினது போர் என்று அது சொன்னதும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் வந்தது. அதை யாரோ எழுதினதில் படித்துத்தான் சொல்லியிருக்கிறது. உயர உயரப் போன அந்த ஒரு மணி நேரப் பேச்சு முழுவதும் என்னைக் கேள்வி கேட்கவிடாமல் வைப்பதற்கு.

ஏழாவது எபிசோடு முழுக்க ஒரு கனவு என்று கடைசியில் சொல்வார்கள். பார்த்தேன். வேறென்ன செய்ய.

7

எட்டாவது ஞாயிற்றுக்கிழமை செல்வத்தைப் பிடித்தேன். அந்த வாரம் கதையில் தலைவியின் மகன், யாரிடமும் சொல்லாமல் சின்னக் கப்பல் ஒன்றை எடுத்துக்கொண்டு தனியாக அந்தக் கிரகத்துக்குப் போய்விடுவான். நல்ல எபிசோடு. அந்தப் பையன் கதவைச் சாத்தும்போது அவன் முகத்தைக் காட்டமாட்டார்கள், அம்மா தூங்குகிற முகத்தைக் காட்டுவார்கள். நான் புத்தி கெட்டுப்போய் அதிலிருந்துதான் ஆரம்பித்தேன்.

"செல்வம், அந்தப் பையன் பாரு..."

"அப்பா. அந்தக் கதைய விடுங்க."

விட்டேன். "தீபாவளி சீசன்லே இது. ஆர்டர் ஏற ஏற, நாலு பேர் உக்கார்ற ரூம்ல எட்டுப் பேர உக்கார வைப்பான். வெயில் ஏறினப்பறமும் மருந்து கலப்பான். எனக்குத் தெரியாதா? நாளையிலிருந்து போகாத."

"நீங்க அங்கன பெட்டி வெட்டுறீக. நான் இங்கன வெடி போடுறேன். ரெண்டும் வேலதான?"

"பெட்டி வெடிக்காதுலே."

"வாத்தியாருக்கு ரெண்டு வருஷமா எம் பேரு தெரியாதுப்பா. இங்கன போர்மேன் பேரு சொல்லிக் கூப்புடுறாரு. 'ஒன் அப்பன் கை ஒனக்கு இருக்குலே'ங்கிறாரு."

என் கை அவனுக்கு வரக்கூடாதென்றுதானே கடல் தாண்டி வந்தேன்.

"படிப்பு கஷ்டமா இருந்தா எங்கிட்ட சொல்லிருக்கலாம்லடா."

நிதானமாகத்தான் சொன்னான். கோபமே இல்லை குரலில்.

"எட்டு வயசுல விட்டுட்டுப் போனீக. என்ன பாடம்டா, எதுடா வெளங்கலன்னு ஒரு வாரமாச்சும் கேட்டீகளாப்பா? கப்பல் எங்க போகுதுன்னு கேட்டீக."

நீ சொன்னது நிஜம் செல்வம். பேச ஒரு விஷயம் கிடைத்ததே என்று நான் சந்தோஷப்பட்டேன். அந்த விஷயத்துக்குப் பின்னால் நீ நின்றுகொண்டிருந்தது தெரியவில்லை. நீயும் ஒளிந்தாய், நானும் ஒளிந்தேன் போல.

"தீபாவளி வரைக்கும்ப்பா. அப்புறம் பாக்கலாம்" என்றாய். கண்ணாடியில் கை வைக்காமல் வைத்துவிட்டாய்.

8

நேரில் வந்து உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மறுபடி காலேஜில் விடணும் என்றுதான் மறுநாள் ஆபீஸுக்குப் போனேன். பாஸ்போர்ட் அங்கேதான் இருக்கிறது. எனக்கு லீவு அடுத்த வருஷம்தான். அவசர லீவுக்கு ஒரு விண்ணப்பப் பாரம் உண்டு. மேஜையில் ஒரு மலையாளத்துப் பெண் இருக்கும், நன்றாகத் தமிழ் பேசும்.

"எந்தக் காரணம் அண்ணா?"

"மகன்."

"சுகமில்லையா?"

"நல்லாத்தான் இருக்கான்."

"கல்யாணமா?"

"இல்லம்மா. படிப்ப விட்டுட்டு பாம் கம்பெனிக்குப் போறான்."

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தது. சிவகாசிக்காரனுக்கு பாம் என்றால் தீபாவளிக்குப் பிள்ளைகள் போடுகிற வெடி. பதினோரு வருஷம் இங்கே இருந்தும் அது நாக்கில் வந்துவிட்டது. "அண்ணா, இந்த ஆபீஸ்ல இந்த வார்த்தை சொல்லவே கூடாது" என்றது மெதுவாக. நான் விளக்கிச் சொன்னேன். அதுவும் கேட்டது. நல்ல பிள்ளை. பாரத்தைத் திருப்பி என் பக்கம் வைத்துக் காட்டியது. மூணு கட்டம் இருந்தது. கல்யாணம், ஆஸ்பத்திரி, சாவு.

"இதில ஏதாவது ஒண்ணு டிக் பண்ணினாத்தான் மேல அனுப்ப முடியும் அண்ணா. பேப்பரும் வேணும்."

மூணாவது கட்டத்தை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் போவதற்கு ஒரு கட்டம் அந்தப் பாரத்தில் இல்லை. அதில் டிக் போடும்படி ஆனால் உடனே டிக்கெட்டும் போட்டுக் கொடுப்பார்களாம். எழுந்து வந்துவிட்டேன்.

உங்கம்மாவிடம் சொன்னேன். "வேலைய விட்டுட்டு வந்துடட்டுமா?" என்று கேட்டேன். "வந்து?" என்றாள். "வந்தா ஒங்களுக்கு இங்கன என்ன வேல தெரியும்?" கேட்டுவிட்டு அவளே போனை வைத்துவிட்டாள். என்ன வேலை தெரியும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

9

ஒன்பதாவது, பத்தாவது இரண்டையும் தனியாகப் பார்த்தேன்.

கடைசி எபிசோடை எல்லாரும் ஆகா ஓகோ என்கிறார்கள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. மகன் போன திசையில் அந்தத் தலைவி அம்மா கப்பலையே திருப்பிவிடுவாள். முந்நூறு பேரும் எழுந்து நின்று சரி என்பார்கள். பாட்டு வேறு போடுவார்கள். ஒருத்தனுக்காக முந்நூறு பேர் கப்பலைத் திருப்பினதாக எங்கே நடந்திருக்கிறது? அவளுக்குப் பாரம் கிடையாது, கட்டம் கிடையாது, பாஸ்போர்ட்டை யாரும் பூட்டி வைக்கவில்லை. ஒன்பது எபிசோடு கூட்டிக்கொண்டு போன கஷ்டத்தை நாலு நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள். மகனும் உடனே வந்து கட்டிப்பிடித்துக்கொள்கிறான். நீ ஏன் இதுவரை வரவில்லை என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. எழுதினவனுக்கு இருபது வயசில் மகன் இருக்கமாட்டான்.

அன்றைக்குச் சாயங்காலம் கலை எழுத்தில் கேட்டது. 'அப்பா கடைசி எபிசோடு எப்படி?'

'நல்லா இல்ல தாயி. பாக்க வேணாம்.'

'மூணாவது சீசன் வருமாப்பா?'

'வராதாம்.'

'சரிப்பா' என்று போட்டது. அதற்குப் பிறகு ரெண்டு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. போன் பண்ணுகிறேன். சாப்பிட்டியா என்கிறேன். சாப்பிட்டேன்ப்பா என்கிறது. என்ன பாடம் நடத்தினார்கள் என்று கேட்டுப் பார்த்தேன். வரிசையாகச் சொன்னது. ஒன்றுமே எனக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்பது அதற்கும் தெரிந்து, இன்னும் மெதுவாகச் சொன்னது. செல்வம் அந்தப் பக்கம் நடமாடுகிற சத்தம் கேட்டது. போனைக் கொடு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாங்கியிருப்பாயா செல்வம்?

இந்த மலர் தீபாவளி கழிந்துதான் அச்சாகும் என்கிறார்கள். நீங்கள் இதைப் படிக்கும்போது சீசன் முடிந்திருக்கும். ஆர்டர் எல்லாம் போயிருக்கும். எல்லாம் நல்லபடியாக முடிந்து, இந்த ஆளு எதற்கு இப்படிப் புலம்பியிருக்கிறார் என்று ரெண்டு பேரும் சிரிக்கணும். அதற்குமேல் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

இதுவரைக்கும் எழுதி முடித்ததற்கு மறுநாள் திங்கட்கிழமை; கொடுப்பதற்கு முன்னால் அன்றைக்கு நடந்ததையும் சேர்க்கிறேன். மருந்து யூனிட்டுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். காலையில் கேட்டில் வாங்கி வைத்துக்கொண்டு, வேலை முடிந்து வேன் ஏறும்போதுதான் கையில் கொடுப்பார்கள். அதனால் வாட்ஸப்பில் செல்வம் பேருக்குக் கீழே காலையிலிருந்து அவன் கடைசியாகப் போனைப் பார்த்த ஒரே நேரம்தான் நிற்கும், இங்கத்துக் கணக்கில் ஏழு பத்து என்று. நம்ம ஊர் நேரம் ஐந்தரைக்குத்தான் மாறும். எனக்கு இங்கே அது நாலு மணி. எங்கள் வரிசைக்கு டீ இடைவேளை மூணு மணிக்கு. அன்றைக்கு நான் டீக்குப் போகவில்லை. நாலு மணிக்கு மிஷினை நிறுத்திவிட்டு, கழிவு அட்டையைக் கட்டிப் போட்டிருக்கிற பின்பக்கம் போய் நின்றேன். ஏழு பத்து. ஏழு பத்து. நாலு மணி ஒன்பது நிமிஷத்துக்கு அது அழிந்து ஆன்லைன் என்று வந்தது. நான் பார்ப்பது அவனுக்குத் தெரியக்கூடாதென்று உடனே மூடிவிட்டேன்.

திரும்பி வரும் வழியில் யார் எப்போது இடைவேளைக்குப் போகணும் என்று எழுதியிருக்கிற வெள்ளைப் பலகை இருக்கிறது. பக்கத்தில் யாருமில்லை. மூணு மணி வரிசையில் இருந்த என் பேரை விரலால் அழித்தேன். நாலு மணி என்று போட்டு அதற்கு நேரே ஒருத்தர் பேரும் இல்லாத கட்டத்தில், ஒவ்வொரு எழுத்தாக, என் பேரை இங்கிலீஷில் எழுதினேன்.